கோடிட்ட இடம்

ஜூன். ரைசினா மேட்டில் தார் இளகிக் கிடக்கிறது.
உள்ளே ஏசி அளவுக்கு மீறி;
முதன்முறை வந்தவர்கள்
கட்சித் துண்டைக் காதோடு போர்த்துகிறார்கள்.

என் வேலை சின்னது.
உறுதிமொழி அட்டைகளில்
தமிழ்க் கட்டு என் பொறுப்பு.
இரண்டே வகை: கடவுளறிய, உளமார.
எது எந்தப் பக்கம் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அச்சகம் அனுப்பிய முதல் படியில்
'மாறா பற்று' என்றிருந்தது.
திருப்பி அனுப்பினேன்.
ஒரு புள்ளி எழுத்துக்கா இரண்டு நாள்
என்றார் பட்நாகர் சாப்.
ஆமாம் சார்,
பற்று ஒட்டிக்கொண்டிருப்பதே அதில்தான்.

மாநிலங்கள் ஆங்கில அகரவரிசையில்.
அந்தமானில் கிளம்பினால்
தமிழ்நாடு வர மறுநாள் பிற்பகல்.
அதுவரை
ஒரே வாக்கியம்
போடோவில் குதித்து
மைதிலியில் நீட்டி முழக்கி
ஒடியாவில் உருண்டு வந்துகொண்டிருந்தது.
முடித்த கையோடு
ஆளுக்கொரு முழக்கம், கொசுறு மாதிரி.
'குறிப்பில் ஏறாது' என்கிறார் தற்காலிகத் தலைவர்
நூறாவது தடவையாக.
சுருக்கெழுத்தாளரின் பென்சில்
அதற்கு முன்பே நின்றுவிட்டது.

இசக்கியம்மாள்.
ரயில்வே கேட்டில் பதினேழு வருஷம்,
ராஜினாமா கொடுத்துவிட்டு நின்றவர்.
அடுத்தவரைவிட நாலாயிரத்துச் சொச்சம் கூடுதல்.
இருக்கை எண் இன்னும் யாருக்கும் இல்லை,
கடைசி வரிசை ஓரத்தில் இருந்து
நடந்து வந்தார்.
உளமார.
வலப்பக்கக் கட்டு. கொடுத்தேன்.

அட்டையின் முதல் வரி
ஒரு கோடு. அப்புறம் 'ஆகிய நான்'.
எல்லோரும் அந்தக் கோட்டைத்
தாண்டி ஓடுகிறார்கள்,
சிலர் அப்பா பெயரையும் தொகுதியையும் ஏற்றிக்கொண்டு.
அவர் நின்றுவிட்டார்.
இடப்பக்கம் பார்த்தார்.
வலப்பக்கம் பார்த்தார்.
மறுபடி இடப்பக்கம்.
தண்டவாளத்தில் யாரும் இல்லை என்று
தெரிந்த பிறகுதான்
பெயரைச் சொன்னார்.

மூன்று மூச்சு இருக்கும்.
யாரோ மேஜையைத் தட்டினார்கள், உற்சாகமா, அவசரமா, தெரியவில்லை.
மௌனத்துக்குச் சுருக்கெழுத்தில் குறி உண்டோ என்னவோ,
அச்சேறிய நடவடிக்கைக் குறிப்பில்
பெயரும் நானும் ஒட்டித்தான் நிற்கின்றன.

மாறாப் பற்று வந்தது.
ப் கேட்டது எனக்கு.
முழக்கம் எதுவும் இல்லை, ஒரு இருமல்.
கையெழுத்துப் பதிவேட்டில்
பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார்,
அதுவரை யாரும் மூடவில்லை.

பிறகு அவைத்தலைவர் தேர்தல்,
இரண்டு தரப்பும் அவரை நாற்காலிவரை கூட்டிப்போன நடை,
குடியரசுத் தலைவர் உரை,
உரைக்கு நன்றி,
நன்றிக்குத் திருத்தங்கள் நூற்றுக்கும் மேல்.
அரசு நடக்கத் தொடங்குமுன்
இப்படித்தான் செருப்பைத் தேடுகிறது.

வியாழக்கிழமை காலை பத்துக்கு
வழி தவறி என் அறைக்கு வந்தார்.
கையில் முதல் கேள்வி:
பன்னிரண்டு மணி நேரம் முடிந்தும்
மாற்று ஆள் வராத கேட்டுகள் எத்தனை,
கோட்ட வாரியாக.
கேள்விப் பிரிவு கீழ்த்தளம் அம்மா,
நானே கொண்டுபோய்க் கொடுத்து
வரவு எண் வாங்கி வந்தேன்.

காகிதத்தை வாங்கி மடிக்கவில்லை.
எண்ணை ஒவ்வொரு இலக்கமாய்
உரக்கத் திருப்பிச் சொன்னார்.
ஸ்டேஷன் மாஸ்டர் போனில் தரும் எண்ணை
அப்படித்தான் சொல்ல வேண்டுமாம்,
இல்லாவிட்டால் வண்டியை விட மாட்டார்களாம்.
சொல்லிவிட்டு
நகராமல் நின்றார்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.
'சரி' என்றேன்.
போனார்.