தவணை தவறிய நாள்

ஆகஸ்ட் ஐந்து. விடுதி மெஸ் பாக்கி கட்ட
ஜெனிட்டாவிடம் இரண்டாயிரத்து நானூறு வாங்கினேன்.
‘அடுத்த வாரம் தாரேன்’ என்றேன்.
உவரிக்காரி. தலையை மட்டும் ஆட்டினாள்.
தாளில்லை, கையெழுத்தில்லை.
மின்விசிறி சாட்சி,
அதுவும் அன்றைக்கு ஓடவில்லை.

புளியங்குடி மண்டியில் அந்த வாரம்
எலுமிச்சை கிலோ பதினெட்டு.
அதற்கடுத்த வாரம் பதினொன்று.
விலை இறங்கினால் அப்பா போனில்
முதலில் தொண்டையைச் செருமுவார்.
ஏறினால் செருமல் கிடையாது, நேரே எண்தான்.
ஆவணி முழுக்கச் செருமல்.

செப்டம்பரில் மூன்றாம் அலகு தொடங்கியது:
வாராக்கடன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
முத்துக்குட்டி சார் சொன்னார்:
தவணை தவறித் தொண்ணூறு நாள் தாண்டினால்
அந்தக் கணக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல,
ஆனா உயிரோட இருக்குன்னு எழுதக்கூடாது.
அபிஷேகப்பட்டிக் காற்று ஜன்னலை அறைந்து சாத்தியது.
நான் ஜெனிட்டாவைப் பார்க்கவில்லை.
அவளும் பார்க்காமலிருப்பது
பார்க்காமலே தெரிந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு திறந்தேன்.
கடன்தாரர்: மு. பிரம்மசக்தி, எம்.காம். இரண்டாம் ஆண்டு.
பிணை: இல்லை.
நோக்கம்: சோறு.
தவணை நாள்,
இதில்தான் பேனா நின்றது.
‘அடுத்த வாரம்’ என்பது எந்தக் கிழமை?
நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் பாடநூலில்
இதற்கு ஒரு வரி இல்லை.
ஆகஸ்ட் பன்னிரண்டு என்று நானே முடிவு கட்டினேன்.
கடன்காரி தன் கெடுவைத் தானே குறிக்கும் வங்கி
உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இடையில் சும்மா இருக்கவில்லை.
பேட்டை பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தேன்.
அவள் துணியையும் சேர்த்து மழைக்கு முன் எடுத்துவந்தேன்.
ராங்க் வாங்கும் பிள்ளைக்கு என் குறிப்பு எதற்கு,
இருந்தும் நகல் எடுத்துக் கொடுத்தேன்.
இதெல்லாம் வட்டியாட்டி என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ‘சேச்சே’ என்றிருப்பேன்,
பொய்யாக.

நவம்பர் பத்து. தொண்ணூறாவது நாள்.
ஐப்பசி மழையில் கரண்ட் போயிருந்தது.
விடிந்தால் இதே தாள்தான் பரீட்சை.
போன் வெளிச்சத்தில்
மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம்.

‘தரம் குறைஞ்ச சொத்துக்கு ஒதுக்கீடு எவ்ளோ?’
‘பதினஞ்சு சதவீதம்.’
‘பிணை இல்லன்னா?’
‘இருபத்தஞ்சு.’
அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.
போன் வெளிச்சம் தானாக அணைந்தது.
யாரும் தட்டவில்லை.
‘அப்ப அறுநூறு’ என்றாள்.

சிரித்துக்கொண்டு சொன்னாளா, தெரியாது.
பெருக்கல் சரி. அது மட்டும் தெரியும்.
அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்,
ஒரு நாள் விடாமல்.

காலையில் ஹால் டிக்கெட் அச்செடுக்க
என்னிடம் சில்லறை இல்லை.
கேட்கவில்லை. கேட்கும் நாளா அது?
பென்சில் டப்பாவைத் திறந்தால்
நாலாக மடித்த இருபது ரூபாய்.

ஏழாம் கேள்வி, பத்து மதிப்பெண்:
பழைய கடன் கெட்டது வெளியே தெரியாதிருக்க
அதே ஆளுக்கு மேலும் கடன் கொடுக்கும்
எவர்கிரீனிங் பற்றி விளக்குக.
மூன்று பக்கம் எழுதினேன்.
முறைகேடு, ஏமாற்று, தணிக்கையில் சிக்கும்,
கொடுத்த மேலாளர் மேல் நடவடிக்கை பாயும்.
இரண்டு வரிசை முன்னால் ஜெனிட்டா
கூடுதல் தாளுக்குக் கையைத் தூக்கினாள்.
எழுதியதில் ஒரு வரியையும் நான் அடிக்கவில்லை.
மதிப்பெண் வேண்டுமே.

அறைக்கு வந்து கடைசிப் பக்கத்தைத் திருத்தினேன்.
நிலுவை: இரண்டாயிரத்து நானூற்று இருபது.
நிலை என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்,
எடுத்தேன், பென்சிலைத் தேடினேன்.
அப்போது போன் அடித்தது. அப்பா.
காதில் வைத்துக்கொண்டு
செருமலுக்குக் காத்திருந்தேன்.