தறிச் சுவருக்கு இந்தப் பக்கம்

சோமனூர் டைல்ஸ் கடைக்காரர்
நாற்பது மாதிரி விரித்தார்.
அடியில் என்ன போடுவதென்று
ஒருவரும் கேட்கவில்லை, நானும்.

ராக்கியப்பன்தான்
டம்ளர் நிறையத் தண்ணீர் கேட்டார்.
குடிக்கவில்லை.
பழைய காவித் தரையில் வைத்துவிட்டுக் குந்தினார்.
சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தறி.
தண்ணீருக்குள் வட்டம் வட்டமாய்
நாடா ஓடிக்கொண்டிருந்தது.

"மண்ணும் சிமெண்டும் போட்டு ஒட்டினா
ஆடிக்குள்ள பேந்துக்குமுங்க.
பசை மட்டும் பத்தாது. நடுவால
ரப்பர் விரிப்பு ஒண்ணு வேணும்.
செவுத்தோரம் அரை வெரக்கடை உடணும்,
இறுக்கினா வெடிச்சுப்போகும்."

விலை கேட்டதும்
இவர் நூல் பில்லை எடுத்துப் பார்த்தார்.
"மேல தெரியாததுக்கா இத்தனை?"
"கஞ்சி போடாத பாவை
நீங்க தறியில ஏத்துவீங்களா?" என்றேன்.
மறுநாள் சுருள் வந்து இறங்கியது.

பசை இறுகும்வரை இரண்டு நாள்
தறி ஓடக் கூடாது.
அதைக் கடைசியில்தான் சொன்னார், தயங்கி.

முதல் ராத்திரி
தறிச் சத்தம் கேட்காமல்
குழந்தை விழித்து அழுதது.
இரண்டாம் ராத்திரி இவர்
குடோன் பூட்டைத் தொட்டுத் தொட்டு வந்தார்.

மூன்றாம் நாள்
ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொன்றாய்த் தட்டினார் ராக்கியப்பன்.
கல். கல். கல்.
பீரோ மூலையில் மட்டும்
காலிக் குடம்.
"பேத்து மாத்தட்டுங்களா?"

லாரி வாசலில் நின்றது, துணிக்கு.
வேண்டாம் என்றேன்.
பீரோவை இழுத்து அதன்மேலேயே வைத்தோம்.

பெருக்கும்போது
விளக்குமாற்றுக் கட்டை அதன் ஓரம் இடித்தால்,
பன்னிரண்டு தறிக்கு நடுவிலும்
எனக்குக் கேட்கிறது.