இடதுகால், மூன்று விரல்கள்

"வாதி, சின்னையா மகன் குணாளன்."
பினாங்கு செஷன்ஸ் கோர்ட்டில் கூப்பிட்டதும்
பழக்கத்தில் எழுந்து நின்றேன்.
உட்காருங்கள் என்று கண்ணால் காட்டினார்
லாயர் இந்துமதி.
பெயர் என்னுடையதுதான்.
அதற்குள் இப்போது குடியிருப்பது
திவால் இலாகா.

நானூற்றுப் பன்னிரண்டு நடை மணல்.
பிறையில் ஏற்றி, பாலம் தாண்டி,
பாயான் லெப்பாஸில் கொட்டினேன்.
நடைக்கு ஒரு சீட்டு,
சீட்டுக்கு மேஸ்திரியின் கோணல் கையெழுத்து,
சிலவற்றில் கோப்பிக் கறை.
எண்பத்தாறாயிரம் வெள்ளி.
தரவில்லை. வழக்குப் போட்டேன்.
மூன்று வருடம், பதினொரு வாய்தா.
அதற்குள் இரண்டு லோரியையும்
பேங்க் இழுத்துக்கொண்டு போய்
விற்றது போக மீதிக் கடனுக்கு
என்னைத் திவாலாக்கியது.

அவர்கள் கொடுத்திருந்தால்
நான் கட்டியிருப்பேனே,
இதை எழுத ஏதாவது பாரம் இருக்கிறதா
என்று கேட்டேன்.
இல்லை என்றார் புவான் ரொஸ்மாவாத்தி.
தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தினார்.
நல்ல மனுஷி.
"உங்கள் கடன் எங்களிடம்.
உங்களுக்கு வரவேண்டியதும் எங்களிடம்.
வழக்கை நடத்துவதா விடுவதா
நாங்கள் பார்த்துக்கொள்வோம்."
சீட்டுகள் இருந்த பிஸ்கட் டின்னை
மேசைமேல் வைத்தேன்.
ரசீது கொடுத்தார், டின்னுக்கு.

இன்று எதிர்த்தரப்பு முப்பதாயிரம் என்கிறது.
இலாகா சரி என்கிறது.
பின்வரிசையில் உட்கார்ந்து
மனசுக்குள் வகுத்துப் பார்க்கிறேன்,
நடைக்கு எழுபத்திரண்டு வெள்ளி எண்பது காசு.
டீசலுக்கே காணாது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்கத் தேவையும் இல்லையாம்.

முந்நூற்று ஆறாவது நடையில்
அவர்கள் ஆள் கொக்கியைத் தட்டிவிட
லோரியின் பின்கதவு
என் இடதுகாலில் இறங்கியது.
அதற்கு வேறொரு வழக்கு.
"அதுவுமா?" என்றேன் அன்று, புவானிடம்.
அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை.
"உடம்பில் பட்ட காயம் உங்களுடையது.
அதற்கு எங்கள் அனுமதி வேண்டாம்."

வீடு, லோரி, மணல், பாஸ்போர்ட்
எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட சட்டம்
கடைசியில் குனிந்து
என் சப்பாத்துக்குள் எட்டிப் பார்த்து
இதை நீயே வைத்துக்கொள் என்றது.
இருந்ததெல்லாம் அவர்களுக்கு.
இல்லாத மூன்று விரல் எனக்கு.

சிரிப்பு வந்தது. கோர்ட்டில் சிரிக்கக்கூடாது.

வெளியே லெபோ லைட்டில் மழை.
குடையை விரித்தபடி இந்துமதி சொன்னார்:
"அடுத்த மாதம் பதினாறு, கால் கேஸ்.
டாக்டர் ரிப்போர்ட்டை மறந்துவிடாதீர்கள்.
அன்றைக்குக் கூப்பிட்டால் எழுந்து நிற்கலாம்."

தலையாட்டினேன்.
ஈரம் பட்டால் எப்போதும் இப்படித்தான்,
இல்லாத சுண்டுவிரல் அரிக்கிறது.
பஸ் நிறுத்தத்தில்
சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு
எங்கே சொறிவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.