எர்ணாவூர் அழியும் காட்சி

இடைவேளைக்குப் பதினோரு நிமிடம் முன்னால்
எங்கள் ஊர் அழிகிறது.

தண்டையார்பேட்டை தியேட்டரில் மொத்தம் நாற்பது பேர்.
முப்பது பேர் எங்கள் தெரு.
மீதிப் பத்தில் ஒரு காதல் ஜோடி,
அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

யாரோ கோபத்தில் வீசிய போண்டா மாதிரி
வருகிறது விண்கல்.
பின்னால் ஒரு நெருப்பு வால்,
வாலின் ஓரத்தில்
கத்தரிக்க மறந்த பச்சை.

"டேய், நம்ம பாலம்டா!" என்றான் தேசிங்கு.
பாலம் போனது. விசில்.
பர்மா நகர் தண்ணீர்த் தொட்டி போனது. விசில்.
ரேஷன் கடை போனபோது
எழுந்து நின்று கைதட்டினார்கள்,
பெண்கள் வரிசைதான் முதலில்.

புகைபோக்கி ஒன்றைப் படம்பிடித்து
காசு போதாமல் நாலாக ஒட்டியிருந்தார்கள்.
நாலின் உச்சியிலிருந்தும்
ஒரே காகம் ஒரே நேரத்தில் பறந்து தப்பித்தது.

படப்பிடிப்பு போன மாசியில்.
மூன்று நாள், ஒரு வேன், ஒரு ஜெனரேட்டர்.
கலை இயக்குநர் என்று ஒரு பையன்
கோணியில் சாம்பல் கொண்டுவந்திருந்தான்.
கொசஸ்தலை ஆற்றங்கரையில் இறங்கி
கணுக்கால் புதைய நின்று பார்த்தான்.
மூட்டையைத் திரும்ப வேனில் ஏற்றினான்.
அன்றைக்கு முழுக்க அவன் யாருடனும் பேசவில்லை.

பிணமாகப் படுக்க ஐந்நூறு ரூபாய்.
கண்ணைத் திறந்தபடி படுக்க எழுநூறு.
என் தம்பி எத்திராஜ் எழுநூறு வாங்கினான்.
எண்ணெய் மிதந்த வருஷம்
பக்கெட்டால் கடலை அள்ளியவன்,
கண் எரிச்சல் அவனுக்கு ஒரு பொருட்டில்லை.
திரையில் மூன்று நொடி வந்தான்.
அம்மா பக்கத்து சீட்டுக்காரியின் கையைப் பிடித்து,
"சாவல, சாவல, பாரு,
வவுறு அசையுது" என்றாள்.

அதற்கும் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி.
கண்ணாடி அறையில் விஞ்ஞானிக்கு வியர்க்கிறது.
"இன்னும் ஒன்பதே நிமிடம்" என்கிறார்.
சங்கு ஊதுகிறது.
ஒலிபெருக்கியில் ஒரு குரல்,
நல்ல தெளிவான தமிழில்,
வெளியேறுங்கள் என்கிறது,
எந்தப் பக்கம் என்றும் சொல்கிறது.
காலி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன.

அப்போது மட்டும் யாரும் விசிலடிக்கவில்லை.

ஒரு மார்கழி ராத்திரி அந்த வாடை வந்தபோது
எங்களுக்கு எந்தச் சங்கும் ஊதவில்லை.
யார் வீட்டுக் குழந்தையோ இருமியது,
அப்புறம் எதிர் வீட்டில்,
அப்புறம் தெருவே இருமி எழுந்தது.
பிலோமினா அக்காதான்
கொடியில் கிடந்த லுங்கியை அண்ணாந்து பார்த்தாள்.
அது ஆடாத பக்கமாக ஓடினோம்.

ஒன்பது நிமிடம்!
கேஸை அணைத்திருக்கலாம்.
செருப்பு போட்டிருக்கலாம், அவரவர் செருப்பையே.
நடக்க முடியாத செல்லப்பனை
தள்ளுவண்டியில் ஏற்றியிருக்கலாம்.
ஆட்டை அவிழ்த்துவிட்டிருக்கலாம்.
பட்டா எடுத்திருக்கலாம்,
இருந்தால்.

இடைவேளையில் எத்திராஜ் நீட்டிய பத்து ரூபாயை
கேன்டீன்காரர் வாங்கவில்லை.
"செத்தவன் கையில காசு வாங்குவாங்களா?
போ, டீய குடி."

இரண்டாம் பாதியில் நாங்கள் இல்லை.
வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி
இரண்டு முறை மினுக்கி அணைந்தது.
கதாநாயகன் மிச்ச நகரத்தைக் காப்பாற்றப் போனான்.
காப்பாற்றியும் விட்டான்.
ஏதோ ஒரு மொட்டைமாடியில், சுத்தமான காற்றில்,
கதாநாயகியின் தலைமுடி அழகாகப் பறந்தது.
தேசிங்கு குறட்டை விட்டான்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம்.
டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் இருபது நிமிடம் நின்றோம்.
எத்திராஜ் என் தோளில் சாய்ந்து தூங்க
அம்மா கொஞ்ச நேரம் அவன் வயிற்றையே பார்த்தாள்.

பாலம் இருந்தது.
தண்ணீர்த் தொட்டி இருந்தது.
ரேஷன் கடையும் இருந்தது,
பூட்டியிருந்தது.