ஆறு மணி நேர ஆறு

வரைபடத்தில் நீலக் கோடு.
நேரில் போனால் மணல், சீமைக்கருவேலம்,
கவிழ்ந்து கிடக்கும் ஒற்றைச் செருப்பு.
நரிப்பள்ளத்து ஓடை
வருடத்தில் ஒரு நாள்,
அதுவும் ஆறு மணி நேரம்தான் ஆறு.
அதற்கு ஏழு மாதத் திட்டம்.

படகு ஆரஞ்சு நிறம், கோவாவில் வாங்கிய பழசு,
அடியில் டயர்க்கடை அர்த்தநாரி போட்ட நான்கு ஒட்டு.
ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து மழைமானியை
ஜெசிந்தா பார்ப்பாள்.
அறுபது மில்லிமீட்டர் தாண்டினால் போன்.
அங்கே பெய்தது ஓமலூர்ப் பக்கம் இறங்க
இரண்டே முக்கால் மணி.
எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.
போன மழையில் அடிவாரத்திலிருந்து
மிதந்து வந்த ஒரு தேங்காயை
பைக்கில் துரத்தினேன்.
மலைமேல் பாதி உத்தேசம்.

பங்குனியில் தடம் பார்க்க நடந்தோம்,
துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு.
முதல் சரிவு: வழுக்குப் பாறை, இடப்பக்கம் ஒதுங்கு.
இரண்டாவது: முள்கம்பி. யாரைக் கேட்டு அவிழ்ப்பது?
மூன்றாவது வளைவில் ஜவ்வரிசி ஆலைக் குழாய்.
வாயை மூடிக்கொள்.
நான்காவதை நோட்டில் எழுதவில்லை.
அங்கே பாவாயி இருந்தாள்.

ஓடையின் நட்டநடுவில், நல்ல மணலில்
பதினோரு ஆடு, ஒரு பட்டி,
கயிற்றில் காயும் பள்ளிச் சீருடை.
ஹெல்மெட்டைப் பார்த்து, "அளக்க வந்தீங்களா?"
"இல்லீங்க. தண்ணி வந்தா படகு ஓட்டப் போறோம்."
சிரிக்கவில்லை.
துடுப்பை வாங்கிக் கனம் பார்த்தாள்.
"எப்ப வரும்னு முன்னாடியே தெரியுமா?"
"ரெண்டே முக்கா மணி நேரம் முன்னாடி."
"அப்ப எனக்கும் ஒரு போன் போடுங்க."

ஐப்பசி. ராத்திரி ஒன்று பத்து.
"எழுபத்திரண்டு," என்றாள் ஜெசிந்தா. "இன்னும் நிக்கல."
பட்டியலில் முதல் பெயர் அர்த்தநாரி.
விரல் இரண்டாவதுக்குப் போனது.

டாட்டா ஏஸில் படகு ஏற்றிப் போனோம்.
ஆடு ஏற்றப் படகை இறக்கினோம்.
குட்டி நான்கையும் படகுக்குள் விட்டோம்,
ஒன்று என் இருக்கையில் புழுக்கை போட்டது.
கிடா மட்டும் ஏறவே மாட்டேன் என்றது;
அர்த்தநாரி தூக்கினான், தோளில் கொம்பு வாங்கினான்.
சீருடைக்காகத் திரும்பி ஓடிய பெண்ணை
பாவாயி சடையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

முதலில் வந்தது மண் வாசம்.
அப்புறம் சருகும் நுரையும்.
அப்புறம் யாரோ இருட்டில்
லாரி லாரியாய்க் கல் கொட்டினார்கள்.
டார்ச்சோடு கரையில் நின்றோம்.
இருட்டில் இறங்கக் கூடாது:
முதல் விதி, நானே எழுதியது.

விடிந்தபோது இடுப்பளவு, முழுக்க முள்.
ஏழரைக்குக் கணுக்கால்.
அர்த்தநாரி அந்தத் தண்ணீரிலேயே
புழுக்கையைக் கழுவிவிட்டு,
"படகு நனைஞ்சிருச்சு, எழுதிக்க" என்றான்.
நான் வேறொன்றை எழுதினேன்:
இரண்டே முக்கால் அல்ல.
இரண்டு மணி பத்து நிமிடம்.
அந்த முப்பத்தைந்து நிமிடத்தை
பாவாயியிடம் இன்னும் சொல்லவில்லை.
அவள் கிடாவைத் தேய்த்துக்கொண்டே,
"அடுத்த தடவ
பகல்ல பெய்யச் சொல்லுங்க" என்றாள்.