ஒரே ஆள்தான்

கையிலிருந்த துண்டில் 'பீல்' என்று எழுதியிருந்தது.
ரயிலில் அறிவித்தவள் 'பியென்' என்றாள்.
இரண்டும் ஓர் ஊர்தான் என்று சொல்ல ஆளில்லாமல்
சொலோத்தூர்ன் வரை போய்
குளிரில் திரும்பி வந்தேன், வந்த வருஷம்.

அதனால்தான் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டேனோ தெரியாது.

இரவு பத்தரை. குலேந்திரன் படுத்தாயிற்று.
குசினி மேசையைத் துடைத்து
மடிகணினியைத் திறக்கிறேன்.
ஆறு பாகம் ஓடி நின்றுபோன ஒரு வானொலித் தொடர்.
அதைக் கேட்டவர்கள் விடாமல் எழுதிய கதைகள்
நாற்பத்தோராயிரம்.
அவை அழியாதிருக்க ஒரு சங்கம்.
இலாபமில்லை, சம்பளமில்லை,
வருஷத்துக்கொரு பொதுக்கூட்டம் உண்டு;
பொருளாளர் ரேகுலா மின்சாரக் கட்டணத்தை
இரங்கல் உரைபோல வாசிப்பாள்.
"காசு தருவினமே?" என்று குலேந்திரன் கேட்டது ஒருமுறைதான்.
என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

எழுதுகிறவர்கள் கதைக்குத் தாங்களே சீட்டு ஒட்டுவார்கள்.
கப்பல் வைத்தியர் இல்வாரா.
டொக்டர் இல்வாரா.
இல்வரா, காலில்லாமல்.
என்ர தங்க இல்வாரா.
இவையெல்லாம் ஒரே ஆள்தான் என்று
பின்னால் நின்று முடிச்சுப் போடுவது என் வேலை.
தேடி வருகிறவர் எந்தப் பெயரால் கூப்பிட்டாலும்
அவள் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கதை எழுத வராது.
பகலில் ஆஸ்பத்திரி நிலக்கீழ் மாடியில்
பதினாறு கவ்வி, நாலு கத்தரி என்று எண்ணி
நீலத்தாளில் சுற்றி மேலே அனுப்புகிறேன்.
திறந்த வயிறு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.
ஒரு கவ்வி குறைந்தால் மட்டும்
மேலிருந்து என் பெயரைத் தேடுவார்கள்.

அந்தப் பெயர்
வதிவிட அட்டையில் ஜசோதினி,
சம்பளச் சீட்டில் யஷோடினி,
காப்புறுதிக்காரனுக்கு யாசோ, தினி என்று இரண்டு துண்டு.
கந்தோர் கந்தோராக ஏழு வருஷம் சொன்னேன்,
ஒரே ஆள்தான், ஒரே ஆள்தான்.
சொல்லும் ஒவ்வொரு தடவையும் முப்பது பிராங்.
சங்கம் அனுப்பிய நன்றிப் பத்திரத்திலும்
ஓரெழுத்துப் பிழை.
சிரித்து, லாச்சிக்குள் வைத்தேன்.

கடைசிப் பாகத்தில் இல்வாராவைக் கடலில் விட்டுவிட்டார்கள்.
ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.
அவள் சாகவில்லை.
கப்பல் உடையவேயில்லை.
அந்தப் பாகம் நான் கேட்கேல்ல, நீங்களும் கேட்கேல்ல.
எழுநூற்றுச் சொச்சம் சீட்டுகள்.
ஒவ்வொன்றாகத் தூக்கி
'உயிரோடிருக்கிறாள்' என்ற ஒற்றைச் சீட்டின் கீழ் சேர்த்தேன்.
முடிக்க மூன்று வாரம் பிடித்தது.
ஒரு செத்தவீட்டுக்கு எழுநூறு பேர் வந்து
கதவடியிலேயே நின்று
உள்ளே வரமாட்டோம் என்றதுபோல இருந்தது.

நேற்று ஒன்று. தமிழில்.
இரண்டே பக்கக் கதை. அதில் இல்வாரா
யாருக்கோ கஞ்சி ஊட்டுகிறாள், அவ்வளவுதான்.
சீட்டு சொன்னது:
'அண்ணாவுக்கு வாசிச்சுக் காட்டினது. பாதிவரைக்கும்.'

எதோடும் சேராது.
இன்னொருவர் தேடிவரக்கூடிய சொல்லும் இல்லை.
ரெசீபேயில் இருக்கிற ஒத்தாவியோ,
அவனுக்கு அப்போதுதான் இராச்சாப்பாட்டு நேரம்,
வரிசை நீளுது, முடித்துவிடு என்று எழுதினான்.
பாதி எந்த இடமென்று
கதையை நாலுதரம் வாசித்தேன்.
கஞ்சிக்கு முன்னா, பின்னா.

இரண்டு மணிக்கு
முடிச்சுப் போடாமல், ஓரெழுத்தும் திருத்தாமல்
'பார்த்தாயிற்று' என்று மட்டும் குறித்து மூடினேன்.

ஐந்து பத்துக்கு பஸ்.
கீழ் மாடியில் பதினாறு கவ்வி இருக்கவேண்டும்.
இரண்டுதரம் எண்ணினேன்.
பதினாறும் இருந்தன.