மிதித்தால் யோசிக்கிறது

வேலைச் சீட்டில் பௌலோஸ் எழுதியிருந்தான்:
'மிதித்தால் யோசிக்கிறது.'
பழுது என்ற கட்டத்துக்குள் அந்த இரண்டே சொல்.

வாதி கபீர், ஒன்பதாம் ஷெட்,
ஆகஸ்ட், காலை பத்துக்கே நாற்பத்துநாலு டிகிரி.
வெள்ளை வண்டி, ஒன்றரை லிட்டர், டர்போ.
ஸ்கேனரைச் சொருகினேன், ஒரு பிழைக்குறியும் இல்லை.
குழாய்க்குக் காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவினேன்,
குமிழ் இல்லை.
யோசிப்பதற்கென்று தனி எண்
கம்பெனிக்காரன் கொடுக்கவில்லை.

'நீயும் ஏறு' என்றார் ஜுவைனா.
பிரசவ வார்டில் இரவு டூட்டி முடித்த கண்கள்.
ஆமிராத் மலைச்சாலையை
தினம் போக வரத் தாண்டுகிறவர்.
தண்ணீர் லாரிகள் முதல் கியரில் முனகும் ஏற்றம் அது.

மிதித்தார்.
ஒன்று.
ஒன்றரை.
அதற்கப்புறம்தான் யாரோ
முதுகில் கை வைத்துத் தள்ளியது போல.

'பார்த்தாயா, இந்த ஒன்றரைக்குள்
நேற்று ஒருவன் என் பின்னால்
ஹாரனை எடுக்கவே இல்லை.'

உடைந்த அரபியிலும்
அதைவிட உடைந்த இந்தியிலும் சொல்லத் தொடங்கினேன்:
மேடம், காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே
இப்போது கேபிள் கிடையாது.
உங்கள் மிதி ஒரு மனு.
உள்ளே ஒருவன் வாங்கிப் படிக்கிறான்.
எகோவில், பாதி மிதித்தால்
கால் என்று குறித்துக்கொள்வான்.
ஸ்போர்ட்டில், கால் மிதித்தாலே
பாதிக்கு மேல் திறந்துவிடுவான்.
(மார்ச்சில் கொடுத்த என் லீவு மனுவை
எகோவில் இருக்கும் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.)

பொத்தானை அழுத்தினேன்.
மீட்டர் சிவந்தது, கியர் ஒன்று கீழே இறங்கியது.
அவர் பழைய கணக்கில் மிதித்தார்.
லாரியின் பின்பக்கம்
சட்டென்று வீடு அளவுக்கு வந்துவிட்டது.
பிரேக். என் மடியிலிருந்த ஸ்கேனர் கீழே.
சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்:
'முன்னே பொய் சொன்னதா,
இப்போது சொல்கிறதா?'

பதினொரு வருடத்தில்
இப்படி ஒரு கஸ்டமரும் கேட்டதில்லை.
ஏசியைப் பார்த்தபடி பேசினேன்.
அடிவரை மிதித்தால் எல்லா மோடும் ஒன்றே மேடம்,
நடுவில்தான் பேச்சு மாறுகிறது.
ஆனால் டர்போ பொத்தானுக்குப் பணியாது.
வெளியே போகும் புகைதான்
உள்ளே வரும் காற்றுக்குச் சக்கரம் சுற்றுகிறது.
போக வேண்டியது போகாமல்
வர வேண்டியது வராது.
ஸ்போர்ட் செய்வதெல்லாம்
அந்தச் சக்கரத்தை உட்காரவிடாமல் வைப்பது.
பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பது அதற்குத்தான்,
எந்நேரமும் தயாராக நிற்கிற கூலி.

வளைவில் வண்டியை ஓரங்கட்டினார்.
கீழே மஸ்கட் வெள்ளையாக, புழுதியில் பாதி அழிந்து.
'முக்கு என்று சொல்ல
என்னிடம் மூன்று குரல் இருக்கிறது' என்றார்.
'கெஞ்சுவது ஒன்று. அதட்டுவது ஒன்று.
மூன்றாவது, விடிகாலை நாலு மணிக்கு மட்டும்.
எதில் சொன்னாலும் குழந்தை
அதன் நேரத்துக்குத்தான் வரும்.
ஆனாலும் குரலை மாற்றாமல் இருக்க முடிவதில்லை.'

தலையாட்டினேன். என்ன சொல்வது.

ஏற்றத்தில் மட்டும் ஸ்போர்ட்,
இறக்கத்தில் மறக்காமல் மாற்றிவிடுங்கள் என்றேன்.
திரும்பும் வழியெல்லாம் அவர் கால்
மெதுவாகப் புதுக் கணக்குப் படித்தது.

எட்டு ரியால் வாங்கச் சொன்னான் பௌலோஸ்.
எதற்கு என்றேன். பார்த்ததற்கு என்றான்.
'சரிசெய்தது' என்ற கட்டம் காலியாக இருந்தது.
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே அடுத்த வண்டி.

'இருதயம்!' என்று கூப்பிட்டான்.
மறுபடியும் கூப்பிட்டான்.
அதற்கப்புறம் எழுந்தேன்.